கழற்ற முடியாத தொப்பி

நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், பல்சக்கரத்துக்கு மூடியில்லை என்று மேஸ்திரியிடம் முறையிட்டால், "இதுவரை எவன் கையடா போயிற்று?" என்பார். அதற்கு நம்மிடம் மறுமொழி இராது. கேள்வியே தலைகீழானது என்பது, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைப் படித்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

'சாலஞ்சர்' விண்ணோடத்தை உந்திய ராக்கெட்டுகளை மார்ட்டன் தியோகால் என்னும் கம்பெனி செய்துகொடுத்தது. அவை துண்டு துண்டாக இணைக்கப்பட்டவை. இணைப்பு வழியே அனல் வாயு கசியாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் இடைவெளியை உடனே அடைக்காது. அக்கம்பெனியின் மூத்த எஞ்சினியர் ரோஜர் போஜலே, இதனால் உயிர்ச்சேதம் நேரக்கூடுமென்று 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்கு எழுதினார்.

1986 ஜனவரி 27 இரவு, மறுநாட் காலை நீர் உறையும் குளிர் எதிர்பார்க்கப்பட்டது. 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவலாகாது என்று எஞ்சினியர்கள் தொலைபேசியில் வாதாடினர். நாசா அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கம்பெனி நிர்வாகிகள் தனியே ஆலோசித்தனர். எஞ்சினியர்களின் தலைவரை நோக்கி, எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை அணியுமாறு மேலவர் ஒருவர் சொன்னார். அவரும் இசைந்தார். மறுநாள், புறப்பட்ட 73 வினாடிகளில் விண்ணோடம் சிதைந்தது. எழுவர் மாண்டனர்.

'பத்திரமானது என்று மெய்ப்பி' என்பதே அத்தொழிலின் வழக்கம். அன்றிரவோ, 'ஆபத்து என்று மெய்ப்பி' என்றனர். நம் மேஸ்திரி கேட்டதும் அதுவே.

கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லையே, எண்ணமன்றோ வினைக்கு மூலம் என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். மெய்தான். ஆனால் அறிந்ததை அறியாததுபோல் ஒதுக்கிவைக்க இசைவதும் ஓர் எண்ணமே. தொப்பி கழலும், அறிந்தது கழலுமோ?

மறுத்து நின்றவர்களின் நிலைதான் நம்மை அதிகம் வாட்டுகிறது. அவர்களுள் ஒருவரான பாப் எபெலிங், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று 30 ஆண்டுகள் வருந்தினார். அவர் குற்றவாளி என்று நாம் கருதவில்லை. ஆயினும் அவ்வருத்தத்தை வீண் என்று தள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. 2016 ஜனவரியில் அவர் வானொலியில் இதைச் சொல்ல, கேட்டோர் பலர் ஆறுதல் எழுதினர். மகள் அக்கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டினார். மார்ச் மாதம் அவர் காலமானார்.