மிச்சமான 13 மணி நேரம்

காந்திக்கு எந்திரம் பிடிக்காது என்பது பள்ளிக்கூடத்திலேயே நம் தலையில் ஏறிவிடும் செய்தி. ஒரே ஒரு எந்திரத்துக்கு அவர் விலக்கு கொடுத்தார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1924-ல் டெல்லியில், சாந்திநிகேதன் மாணவரான ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் நேராகவே கேட்டார்: எல்லா எந்திரத்துக்கும் நீங்கள் எதிரியா? இல்லை, எந்திர வெறிக்குத்தான் எதிரி என்றார் காந்தி. மனிதனின் கைகால்களைச் செயலற்றுப்போகச் செய்யாத எந்திரம் என்றால் அவருக்குச் சம்மதம். அதற்கு அவர் கொடுத்த உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் வைத்த அன்பால் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன கதை. உரையாடல் அந்த வருடம் நவம்பரில் 'யங் இந்தியா'வில் வெளியானது.

கதை அழகாக இருக்கிறது. உண்மையாக இல்லை, அவ்வளவுதான்.

ஐசக் சிங்கர் ஊர் ஊராகப் போய் நாடகம் நடித்தவர். 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்திருந்த வேறொருவரின் தையல் மெஷினைப் பார்த்து, இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று இறங்கினார். 1851 ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். வேலை செய்தது பணத்துக்காக; அதை அவர் மறைக்கவும் இல்லை. மனைவி மேல் அன்பு என்று பார்த்தால், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். குட்டு வெளிப்பட்டதும் 1860களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். (அன்புக் கதைதான் வேண்டும் என்றால் நம் ஊர் உஷாவைச் சொல்லலாம். லாலா ஸ்ரீராம் தன் மகளின் பெயரைத்தான் அந்த மெஷினுக்கு வைத்தார்.)

அப்படியானால் காந்தியின் வாதம் விழுந்துவிட்டதா? விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறந்த காரணத்தை வைத்து ஒரு பொருளின் நன்மை தீமையை அளக்க முடியாது. பேராசையில் பிறந்த மெஷின் ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தலாம். அன்பில் பிறந்தது கெடுதலும் செய்யலாம். அன்பை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய இன்னொரு அளவுகோலை எடுத்துக்கொள்வோம்: உடம்பைச் சும்மா உட்காரவைக்காத எந்திரம். இதற்குக் காலால் மிதிக்கும் தையல் மெஷினைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, கொஞ்சம் விசித்திரமான ஒரு கூட்டத்தை நான் கூப்பிட வேண்டியிருக்கிறது. இன்றைய அமெரிக்காவில், மின்சாரமும் வசதியும் இருந்தும், நூறு வருடப் பழைய மிதி மெஷினைத் தேடி வாங்கி அதில் குவில்ட் தைக்கிறவர்கள்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு இணைத்த பரப்பு, நடுவில் பஞ்சு, அடியில் முழுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஊடுருவிப் போகும் தையல். பழைய சேலையை நான்காய் மடித்து ஓரம் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிக்கிறோமே, அதன் தூரத்துச் சொந்தம். துண்டுகளை இணைக்க வேண்டியதெல்லாம் கால் அங்குல ஓரம் விட்ட நேர்த்தையல்தான். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் பிசகினால், நூறு துண்டு சேரும்போது போர்வை கோணிக்கொள்ளும். பழைய சிங்கருக்கு நேர்த்தையல் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்த அந்த ஒன்றைச் சரியாகச் செய்யும்.

மிதி மெஷின் ஸ்விட்ச் போட்டதும் ஓடுகிற ரகம் இல்லை. மேலே இருக்கிற சின்னச் சக்கரத்தைக் கையால் நம் பக்கமாக ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். கிளம்பிய வேகத்தைக் கால் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரம் தப்பி மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றும், நூல் சிக்கும் அல்லது அறுந்துபோகும். முதல் வாரம் எல்லோருக்கும் இதே கதைதான். அப்புறம் ஒருநாள், கால் தானாகப் போய்க்கொண்டிருப்பது நமக்கே தெரியாமல் நடக்கும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுந்த, ஒரு தையல் மட்டும் போட வேண்டுமா, ஒரே ஒரு தையல் போட்டு நிற்கலாம். கையால் சுற்றும் மெஷினில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடும். இதில் இரண்டு கையும் துணிக்கு. அதனால்தான், துணியை நகர்த்தும் பற்களை மூடிவிட்டு, போர்வையை இரண்டு கைகளாலும் இஷ்டத்துக்கு வளைத்து வளைத்துப் பூவும் கொடியுமாகத் தைப்பதற்கும் இந்த மெஷினையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் பெல்ட் தொளதொளத்தால் கொஞ்சம் வெட்டி மறுபடி இணைத்துக்கொள்ளலாம். ஓட்டைகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் பராமரிப்பு.

இவர்களைக் கேட்டால் மெதுவைப் பற்றிப் பேசுவார்கள், இரும்பின் ஓசையைப் பற்றி, பாட்டியைப் பற்றி. எல்லாம் நிஜம்தான். ஆனால் இவர்கள் சொல்லாமல் விடும் ஒன்றுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தப் போர்வைக்காக வாசலில் யாரும் காத்திருக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். ஆல்டரேஷன், ஜாக்கெட், ஜிப் மாற்றுவது எல்லாம் செய்வார். அமெரிக்காவில் இப்படிச் சில பேர் ஆசைப்பட்டு மிதிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னபோது நம்பவே இல்லை. "முட்டி வலி தாங்காமத்தான் நான் மோட்டார் மாட்டுனேன் தம்பி. அவங்களுக்கு என்ன குறைச்சலாம்?" என்றார். மோட்டார் மாட்டிய பிறகு சீக்கிரம் வீட்டுக்குப் போக முடிகிறதா என்று கேட்டேன். "எங்க போறது? நாலு ஜாக்கெட் கூட வாங்கி வெச்சுக்கிறேன். இல்லன்னா மோட்டார் காசு எப்படி வரும்?"

காந்தியின் அளவுகோல் இந்த இடத்தில் ஆடுகிறது. இவர் வருடக்கணக்கில் உடம்பைச் சும்மா உட்காரவைக்காத எந்திரத்தில்தான் உழைத்தார். கால் செயலிழக்கவில்லை, தேய்ந்தது. அதே மிதி, அதே பெல்ட், அதே நேர்த்தையல்; அங்கே ஒருவருக்கு தியானம், இங்கே ஒருவருக்கு முட்டிவலி. அப்படியென்றால் நல்லது கெட்டது மெஷினுக்குள் இல்லை.

மெஷின் வந்த காலத்திலேயே இதைச் சிலர் மோப்பம் பிடித்திருந்தார்கள். 1831-ல் பாரிஸில், தீமோனியே என்ற தையல்காரர் ராணுவச் சீருடை தைக்க வைத்திருந்த 80 மெஷின்களை மற்ற தையல்காரர்கள் கூட்டமாக வந்து உடைத்துப் போட்டார்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து நியூயார்க்கில் வால்ட்டர் ஹன்ட் இரட்டை நூல் பூட்டுத் தையல் போடும் மெஷினைச் செய்துவிட்டு, காப்புரிமை கேட்காமலே விட்டுவிட்டார். ஏழைத் தையல்காரிகளின் பிழைப்பு போய்விடும் என்று மகள் சொன்னதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. (சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் இவரே.) கதை எந்த அளவு நிஜமோ, கவலை நிஜமானது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெஷினில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். 1860 வாக்கில் மெஷின் விற்றவர்கள் காட்டிய கணக்கு இது. வியாபாரிகள் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்படியும் கிட்டத்தட்ட 13 மணி நேரம் மிச்சம். அந்த 13 மணி நேரம் யார் கைக்குப் போனது?

சொந்த வீட்டுக்குத் தைத்த பெண்ணுக்கு அதில் கொஞ்சமாவது கிடைத்தது. அவளும் முழுக்க ஓய்வெடுத்துவிடவில்லை; மெஷின் இருக்கிறதே என்று மடிப்பும் கொசுவமும் கூடிப்போயின. கூலிக்குத் தைத்தவளுக்கு அதுவும் இல்லை. சட்டை வேகமாக முடிகிறது என்றால் சட்டைக்கான கூலியும் இறங்கும். பழைய வருமானத்துக்கே பல மடங்கு சட்டை தைக்க வேண்டும். அதோடு 1856 முதல் சிங்கர் கம்பெனி தவணையில் மெஷின் விற்க ஆரம்பித்தது. கையில் காசில்லாதவளுக்கும் மெஷின் கிடைத்தது என்று இதைக் கொண்டாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தவணை முடியும்வரை மிதியிலிருந்து காலை எடுக்கும் உரிமை அவளிடம் இல்லை.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்டுவது அலபாமாவில் நடந்த ஒரு விஷயம். ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார், கிழிந்த வயல் உடுப்புகளை வெட்டி, குளிருக்கு குவில்ட் தைத்துவந்தார்கள். கோடு நேராகப் போகாது. போக வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. 1966-ல், வாக்குரிமைப் போராட்டச் சூட்டில், அந்தப் பகுதியில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு தொடங்கியது. 1972-ல் சியர்ஸ் கம்பெனி கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே அளவு, ஒரே தையல், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியக் கூடாது. அது சம்பளம் கொடுத்த வேலை. அந்த ஊரில் சம்பளம் என்றால் என்ன என்பதை மறந்துவிட்டு நாம் இங்கிருந்து அலட்சியமாகப் பேச முடியாது. ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அங்கே, அதே விரல்கள், அதே துணியில், தங்கள் இஷ்டப்படி தைத்தவைதான் 2002 முதல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. பகலில் உறை, இரவில் போர்வை. நடுவில் மாறியது எங்கே நிறுத்துவது, எப்படி வளைப்பது என்று முடிவெடுக்கும் ஆள் மட்டும்தான்.

ஆமிஷ்காரர்களைப் பற்றியும் கேட்பீர்கள். பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடாத அந்தச் சபைகளில் பல வீடுகளில் இன்றும் மிதி மெஷின்தான். துண்டுகளை அதில் இணைத்துவிட்டு, சட்டத்தில் விரித்து, சுற்றி உட்கார்ந்து கையால் மூன்றடுக்கைத் தைப்பார்கள். ஒரு பொருளை ஏற்கும் முன் இது நம் கூட்டத்தை என்ன செய்யும் என்று எல்லோரும் சேர்ந்து யோசிக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் இல்லாத அந்தப் பழக்கம் எனக்குப் பொறாமை தருவது. அதற்காக அவர்களைப் பூஜை அறையில் வைக்க வேண்டியதில்லை. ஆமிஷ் குவில்ட்டுக்குச் சந்தை பெருகியபோது பென்சில்வேனியாவில் அவற்றில் கணிசமானவற்றைத் தைத்துக் கொடுத்தவர்கள், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் பெண்கள். வாங்கிப் போனவர்களில் பலருக்கு இது தெரியாது. ஒருவருடைய நிதானம் விற்பனைக்கு வந்ததும் இன்னொருவருடைய அவசரம் அதற்குப் பின்னால் போய் நிற்கிறது.

இதை வைத்து பொழுதுபோக்குக்குத் தைக்கிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? அவர்கள் வெட்டும் பருத்தித் துணியே எங்கோ ஒரு மின்தறியில் ஷிஃப்ட் முறையில் நெய்ததுதானே என்று மடக்குவது சுலபம். எனக்கு அதில் ருசி இல்லை. அவர்களிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. பிழைப்பின் கழுத்துப்பிடி தளர்ந்தால், மனிதர்கள் வேலையை விட்டு ஓடுவதில்லை. கனமான இரும்பை வீட்டுக்குத் தூக்கிவந்து, எண்ணெய் விட்டு, காலால் மிதித்து, வேண்டுமென்றே வேலை செய்கிறார்கள். நம் ஆட்கள் விரட்டாவிட்டால் வேலை செய்ய மாட்டார்கள் என்று சொல்லும் முதலாளிகளுக்கு இதைவிட நல்ல பதில் தெரியவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் அந்தச் சுகத்துக்கு எங்கள் தெருத் தையல்காரருக்கும் அதே அளவு பாத்தியதை இருக்கிறது என்பதுதான் என் வழக்கு.

ராமச்சந்திரன் அன்றைக்கு இன்னொரு கேள்வியும் கேட்டார். எனக்கு அது காந்தியின் பதிலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. சரி, தையல் மெஷினுக்கு விலக்கு; அந்த மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய எந்திரங்கள் ஓடுமே? ஆமாம், அப்படிப்பட்ட தொழிற்சாலை அரசு வசம் இருக்க வேண்டும், லாபத்துக்காக ஓடக் கூடாது என்றார் காந்தி. அதாவது, மெஷின் எப்படிப்பட்டது என்று தொடங்கிய பேச்சு, அது யார் வசம் என்ற இடத்துக்கு அவர்களை அறியாமலே வந்துவிட்டது. அந்த இளைஞர்தான் பிற்பாடு மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து, 1947-ல், திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன்.

நம் மாநிலத்தில் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டம், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கிறது. தவணை இல்லாமல் மெஷின் வருவது சின்ன விஷயம் இல்லை. சிங்கரின் விற்பனையாள் மாதாமாதம் கதவைத் தட்டிய வரலாற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். அடுத்த கேள்வி துணி யார் கொண்டுவருகிறார்கள், ஒரு உருப்படிக்கு என்ன கூலி, அதை யார் வைக்கிறார்கள் என்பது. மெஷினோடு அதையும் கட்டிக் கொடுத்துவிட முடியாது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் தையல்காரர் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்: 'தீபாவளி ஆர்டர் முடிந்தது.' வருடத்தில் அந்த ஒரு சமயம் மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்வதைப் பார்க்கலாம். யார் கெஞ்சினாலும் தலையை மட்டும் ஆட்டுவார், ஒரு சின்னச் சிரிப்போடு. அட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மூட்டைகள் இருக்கின்றன. போன வருடம் அமாவாசைக்கு முந்தைய இரவு இரண்டு மணி வாக்கில் கரண்ட் போனது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய தோல் பெல்ட்டை மாட்டி, செல்போன் வெளிச்சத்தில் மிதிக்க ஆரம்பித்தார்.