தேவையா, பகட்டா?

வளர்ந்த பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதை ஊதாரித்தனம் என்பாரில்லை. கைப்பேசியும் அத்தகையதே. சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் 1-ந் தேதி 2ஜி சேவை நின்றது. அதனை மட்டுமே நம்பிய கருவிகளை மாற்றுவது தவிர்க்கவொண்ணாததாயிற்று. பால்வெட்டிலிருந்து கிராணி வேலைக்கு வந்தவருக்குப் பெரிய திரை வேண்டும். கண் மங்கிய தாயாருக்குப் பெரிய பொத்தான்கள் வேண்டும். இவை தேவைகள்.

ஆனால் நாம் செய்தது வேறு. ஆபீஸ் நண்பர் வாங்கினாரென்று, பழுதில்லாப் பழையதை மேசை அறைக்குள் போட்டுவிட்டுத் தவணையில் புதியது வாங்கினோம். பள்ளி திறந்தபோது மகளுக்குப் பை வாங்கக் கையிற் காசில்லை. அவளோ கிழிந்த பையைத் தானே தைத்துக்கொண்டு, "இதுவே போதும் அப்பா" என்றாள்.

தோழர்களே! வாங்குமுன் கேளுங்கள்: மாறியது நம் வாழ்க்கையா, அயலான் கைப்பொருளா?