வழிகாட்டியும் பற்றின்மையும்

படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, அனுபவம் மிக்க ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தும் வழக்கம் இன்று பல நிறுவனங்களில் உள்ளது. இஃது ஏதோ புதிய ஏற்பாடு என்று இளைஞர் கருதக்கூடும். எங்கள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குச் சென்று வந்தவர் அவ்வாறு கருதமாட்டார். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அம்மலைப் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அவர்களுள் பலர் தம்மை இன்னாருடைய மாணாக்கர் என்றே சொல்லிக்கொள்கின்றனர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அங்கே இடம்பெற்றுள்ளனர். தம் பெயரோடு ஆசிரியர் பெயரையும் கல்லில் பொறித்த அந்த நன்றியுணர்வு, ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த என்னை நெகிழச் செய்கிறது.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. மாணவர் ஆசிரியரை மறவாதிருத்தல் அறம். அவ்வாறாயின், ஆசிரியர் மாணவரை ‘என்னுடையவர்’ என்று பற்றிக்கொள்வதும் அறமாகுமா? பொருளைக் குவிப்பது மட்டுமே பரிக்கிரகம் அன்று. ‘எனது’ என்னும் பற்றே பரிக்கிரகம் என்பது நம் அறநூல்களின் கருத்து. பொன்னையும் நிலத்தையும் துறக்க முனைவோரும், தாம் உருவாக்கிய மனிதரைத் துறக்கத் தயங்குகின்றோம்.

இதனை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் என் வகுப்பில் பாடம் நடத்திப் பழக வந்தார். அவர் எழுதிய பாடக்குறிப்பை நான் ஒவ்வொரு நாளும் திருத்தினேன். கரும்பலகையில் எழுதும் முறை, வினாக் கேட்கும் தொனி வரை என்னுடையதாகவே மாற்றினேன். ஒரு நாள் குழந்தை ஒன்று குறிப்பில் இல்லாத ஐயம் ஒன்றைக் கேட்டது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். விடை அவருக்குத் தெரியும். சொல்வதற்கு என் அனுமதி தேவைப்பட்டது. வழிகாட்டுவதாக எண்ணி நான் வழியை மறித்து நின்றிருக்கிறேன் என்பது அப்பார்வையில் விளங்கியது.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. அவர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். பிள்ளை சாதி சமயம் பாராது கற்பித்தவர். கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும் அவருடைய மாணாக்கரே. 1876இல் பிள்ளை மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரைப் பாதுகாத்துப் பாடம் சொன்னார். பிள்ளையின் மற்றொரு மாணாக்கரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவிக்கு 1880இல் அவரை அழைத்தபோது, பிரிய மனமில்லாத தேசிகர் இறுதியில் வாழ்த்தி விடைகொடுத்தார். அந்த விடை கிடைக்காதிருந்தால் அடுத்து நடந்தவை நடந்திரா.

அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். எத்தனையோ நூல்கள் கற்றிருந்த சாமிநாதையருக்குச் சிந்தாமணியின் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கல்லூரித் தமிழாசிரியர் என்ற நிலையை ஒருபுறம் வைத்து, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய இல்லறத்தார், வேற்றுச் சமயத்தவர் என்று விலக்காமல் ஐயங்களைத் தீர்த்தனர். அவருடைய ஈடுபாட்டைக் கண்ட சமணப் பெண்மணி ஒருவர், இவர் பவ்யரோ என்று வியந்து வினவியதைச் சாமிநாதையர் தம் சரித்திரத்தில் மகிழ்வுடன் எழுதியுள்ளார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அக்கும்பகோணத்து முன்னோர் தம் மரபைத் தமக்கே உரியதென்று பூட்டி வைக்கவில்லை. கொடுத்தனர், கொடுத்ததற்கு உரிமை கொண்டாடவுமில்லை. பட்டமும் பதவியும் உடைய ஒருவருக்கு எளிய இல்லறத்தாரும் வழிகாட்டலாம் என்பதற்கும் அவர்களே சான்று. கற்பவரின் பணிவும் இதில் சிறிதன்று.

கைவிடுதல் வேறு, பிடித்த கையை உரிய வேளையில் விடுதல் வேறு. முன்னது அன்பின்மை, பின்னது பற்றின்மை. நடை பழகும் குழந்தையின் விரலை நாம் விடுவது, அது விழட்டும் என்றா? அருகில் நிற்கின்றோம், ஆனால் நடப்பது குழந்தையே.

மாணவ மணிகளே, உங்களைவிட ஒன்றேனும் அதிகம் அறிந்தவரை நாடிக் கேட்கத் தயங்காதீர்கள். பெற்றோரும் பணியில் மூத்தோரும், கற்றதை ஒளிக்காமல் வழங்குங்கள். பின்னர் அவர்கள் நம்மினின்று வேறுபட்டு நடப்பதையும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று திரும்பிப் பார்த்த பெண்ணிடம் நான் தலையசைத்ததோடு நிற்கவில்லை. எழுந்து வகுப்பறைக்கு வெளியே சென்றேன். உள்ளே அவர் தம் சொந்தக் குரலில் விடை சொல்லத் தொடங்கியது தாழ்வாரம் வரை கேட்டது.