சப்பாத்தில் எழுதிய பெயர்

உடுவிலின் செம்மண் வெள்ளைச் சப்பாத்துக்குப் பகை. காலையிற் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் கான்வஸ் சப்பாத்து, மாலையிற் சிவந்தே வீடு திரும்பும். அதைக் கழுவி வெயிலில் வைக்கும் தாய் அதன் அடியிலுள்ள இறப்பரைப் பற்றி எண்ணுவதில்லை, எண்ண நேரமுமில்லை. ஆயினும், ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் அதனை ஆக்கியோருக்குக் கடன்பட்டவரா, விலை கொடுத்ததும் அக்கடன் தீர்ந்துவிடுகிறதா என்னும் வினாவுக்கு இச்சப்பாத்தே ஏற்ற சான்றென நாம் கருதுகிறோம்.

இவ்வகைச் சப்பாத்துகளுள் பெரும்புகழ் பெற்றது கொன்வேர்ஸ் 'ஓல் ஸ்டார்'. அது பிறந்த மாசசூசெற்ஸ் மாநிலம் உடுவிலுக்கு அந்நியமன்று. அதன் தலைநகரான பொஸ்ரனிலிருந்து இயங்கிய மிஷன் சங்கத்தாரே 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அதே மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில், 1891 டிசெம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கூடைப்பந்தாட்டத்தை ஆக்கினார். மோல்டன் நகரில் மார்க்கிஸ் கொன்வேர்ஸ் 1908இல் நிறுவிய ஆலையிலிருந்து 1917இல் ஓல் ஸ்டார் வெளிவந்தது.

அதன் அமைப்பில் வீண் அலங்காரம் இல்லையென்றே சொல்லலாம். கணுக்காலை மூடும் கான்வஸ். காற்றுப் புக உட்பக்கத்தில் இரு துளைகள். விரல்களைக் காக்க இறப்பர் முகப்பு. பலகைத் தரையில் வழுக்காதபடி வரி வெட்டிய அடி. கந்தகம் கலந்த இறப்பரைத் துணியோடு பொருத்திச் சூட்டறையில் வேகவைக்க, இரண்டும் பிரியாத ஒன்றாகின்றன. இறப்பரை இவ்வாறு உறுதியாக்கும் முறைக்குச் சாள்ஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். கணுவெலும்பருகே ஒரு வட்டத் துண்டு. 1920களின் தொடக்கத்தில் விற்பனையாளராகச் சேர்ந்து, ஊரூராய்ப் பயிற்சி வகுப்பு நடத்திச் சப்பாத்தைப் பரப்பிய சக் டெயிலரின் கையொப்பம் 1930களில் அவ்வட்டத்தில் ஏறிற்று. அவரும் உழைத்தவரே, அவரை நாம் வெறுக்கவில்லை. ஆனால் தைத்த பெண்ணின் பெயரோ, அடியொட்டியவன் பெயரோ, பால் வெட்டியவன் பெயரோ அங்கே இல்லை.

இறப்பர் விதைகள் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றன. அங்கே முளைத்த கன்றுகள் அவ்வாண்டே இலங்கையின் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பின்னர் களுத்துறையிலும் கேகாலையிலும் தோட்டங்கள் எழுந்தன. வெயில் ஏறுமுன் பட்டையைச் சரிவாகக் கீறிச் சிரட்டையில் பால் ஏந்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் அயற்கிராமத்துச் சிங்களவரும். பாலை உறையவைத்துத் தாளாக்கிப் புகையூட்டிக் கப்பலேற்றினர். ஆலையின் உருளைகளில் பல தோட்டத்து இறப்பரும் ஒன்றாய் அரைபட்டபின், இன்னார் வெட்டிய பால் இது என எவராலும் பிரித்துரைக்க இயலாது.

கூலி கொடுக்கப்பட்டதே, பின் என்ன கடன் என்பார் உளர். கூலி உழைப்பின் ஒரு நாளுக்குரியது. பெயரோ, பல்லாண்டு வருவாய் தரும் முதல். யாழ்ப்பாணத்து மிஷன் விடுதிகளிலும் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டனர். அப்பணம் கல்வி தந்தது, மறுப்பதற்கில்லை. எனினும், கொடுத்தவன் பெயரைப் பிள்ளை சுமக்கவேண்டுமென்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? விற்பவன் பெயரைச் சப்பாத்துச் சுமக்கும் உலகிலிருந்தே.

பால் வெட்டியவருள் தமிழர் பெரும்பாலோரின் பெயரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கிற்று. அன்று யாழ்ப்பாணத்திலும் மௌனம் காத்தோர் பலர். இதை நாம் மறைக்கலாகாது.

அமெரிக்காவிலிருந்த கொன்வேர்ஸ் ஆலை 2001இல் மூடப்பட்டது. தைத்தவர்கள் வீடு சென்றனர், பெயர் எஞ்சிற்று. 2003இல் நைக்கி நிறுவனம் கொன்வேர்ஸை 30.5 கோடி டொலருக்கு வாங்கிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்த தோட்ட மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 2003இல்தான்.

அப்படியாயின் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிடவா என்று மாணவர் கேட்கலாம். வேண்டாம், உடுவில் ஒழுங்கைகளில் முள் உண்டு. ஆனால் வகுப்பில் இறப்பர் பற்றிய பாடம் வரும் நாளில், ஏற்றுமதித் தொகையைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், பிள்ளைகளைத் தத்தம் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம்.