வலையின் வாய்

மரக்காணத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தியதும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "உள்ளே யாரு சார், எந்த ஹீரோ?" என்று ஒரு பையன் ஓட்டுநரிடம் கேட்டான். கதவு திறந்தது. கைலியும் பனியனுமாக, தொப்பையைத் தடவிக்கொண்டு எங்கள் வங்கிக்காரன் இறங்கினான். அவ்வளவுதான், கூட்டம் போன இடம் தெரியவில்லை.

நம்மூரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொள்கிற வண்டி. அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, ஊர் ஊராகப் போகலாம் என்று சொன்னால் வீட்டில்கூட நம்பவில்லை. நாங்கள் ஐந்து பேர். கல்லூரி விடுதியில் ஒரே தளத்தில் இருந்தவர்கள். வங்கிக்காரன், வாத்தியார், டாக்டர், இரும்புக்கடைக்காரன், நான். 35 ஆண்டுப் பழக்கம். சென்னையில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனுஷ்கோடி வரை ஆறு நாள் என்று திட்டம்.

அந்தச் சாலைக்குப் பெயர்தான் கடற்கரைச் சாலை. கடல் கண்ணில் படுவது கொஞ்ச தூரம்தான். மற்றபடி உப்பளம், சவுக்குத் தோப்பு, கருவேலங்காடு, இறால் பண்ணை. புதுச்சேரியில் நிற்கவில்லை; அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். ஓட்டுநர் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். கடலூர் தாண்டுவதற்குள் தொட்டி காய்ந்துவிட்டது. வங்கிக்காரன் உள்ளே போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தது எல்லோருக்கும் கேட்டிருந்தது. இரும்புக்கடைக்காரன் பிடித்துக்கொண்டான். "உங்கப்பன் வீட்டுக் கிணறாடா இது?" அவன் பதிலுக்கு இவனுடைய குறட்டையை இழுத்தான். பேச்சு 1980களின் மெஸ் பாக்கி வரைக்கும் போனது. சிதம்பரம் வரும்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "போன வாரம் ஒரு குடும்பம் சார், குழந்தை குட்டியோட, இதே தண்ணியில ரெண்டு நாள் ஓட்டுனாங்க" என்றார் ஓட்டுநர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. அவர் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

பூம்புகாரில் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தபோது வாத்தியார் ஒரு விஷயம் சொன்னான். கேரவன் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கூட்டமாகப் போகிற வணிகர்களைக் குறித்தது. தமிழில் அதற்குச் சாத்து என்று பெயர். கோவலனின் அப்பா மாசாத்துவான், பெரிய சாத்துகளை நடத்தியவர். கண்ணகியின் அப்பா மாநாய்கன், கப்பல் வணிகர். "தரைவழி வண்டிக்காரரும் கடல்வழிக் கப்பல்காரரும் சம்பந்தி ஆன ஊர்டா இது" என்றான். அந்தச் சாத்துகள் சேர்ந்து போனது நட்பினால் இல்லையாம். வழிப்பறிக்குப் பயந்து. ஒருவன் குணம் இன்னொருவனுக்குப் பிடித்திருக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. சேர்ந்து போகத் தெரிந்தால் போதும்.

எங்கள் நிலைமை நேர்மாறு. 35 வருடமாக நண்பர்கள், சேர்ந்து இருக்கத்தான் தெரியவில்லை. கல்யாணத்தில் இரண்டு மணி நேரம், துக்க வீட்டில் ஒரு மணி நேரம், வருடத்தில் ஒரு இரவுச் சாப்பாடு. அதன் பிறகு அவரவர் வீடு, அவரவர் கதவு. அந்தக் கதவின் புண்ணியத்தில்தான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சின்னக் குளிர்பெட்டியில் தோசை மாவுப் பொட்டலத்துக்குப் பின்னால் ஓர் இன்சுலின் பேனா இருந்தது. யாருடையது என்று முதல் நாள் தெரியவில்லை. இரண்டாம் நாள் தெரிந்தது. எத்தனை வருடமாக என்று கேட்க நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இரவு தங்கினோம். 1620இல் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அதைவிட மூத்தது பக்கத்தில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில், 14ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது; முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் பேசிவிட்டுப் படுத்தோம்.

மணி ஒன்று இருக்கும். டாக்டரின் செல்போன் அதிர்ந்தது. அவன் சத்தமில்லாமல் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று பேசினான். அந்த வண்டியின் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கும்? அப்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். "அழாதம்மா. யார் என்ன சொன்னாலும் பரவாயில்ல. நீ கிளம்பி நம்ம வீட்டுக்கு வந்துடு. அப்பா இருக்கேன்ல." இரண்டு வருடம் முன்புதான் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் நாங்கள் நால்வரும் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தோம்.

அப்போது கவனித்தேன். இரும்புக்கடைக்காரனின் குறட்டை நின்றிருந்தது. மேல்படுக்கையில் வாத்தியார் புரளவே இல்லை. தூங்குகிறவன் புரளுவான். கடலும் அந்தக் குரலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. பேசி முடித்து வெகுநேரம் கழித்துக் கதவுத் தாழ் நகர்ந்தது. உடனே குறட்டை மறுபடி தொடங்கியது. நான்கு இரவாகக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அது அவன் குறட்டை இல்லை. ரொம்ப ஒழுங்காக, தாளம் தப்பாமல் வந்தது.

காலையில், அடுப்பங்கரைப் பக்கமே போகாத வாத்தியார் டீ போட்டு முதல் டம்ளரை டாக்டரிடம் நீட்டினான். வங்கிக்காரன் டீசல் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். வண்டிக்குள் சண்டையே இல்லை.

ஒளிவு மறைவு இல்லாததுதான் நட்பு என்று விடுதி நாட்களிலிருந்து நாங்களே பெருமை அடித்திருக்கிறோம். அந்தக் காலையிலிருந்து எனக்கு அதில் சந்தேகம். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவனைவிட, காதில் விழுந்ததை விழாததாக வைத்துக்கொள்கிறவனிடம் அன்பு அதிகம் இருக்கலாம். முதுகைத் திருப்பிப் படுப்பதில்கூட ஓர் அக்கறை இருக்கிறது. சுவர் மெல்லியதாக இருக்கும் இடத்தில், இன்னொருவனுக்கான சுவரை நாமே எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வேதாரண்யம் பக்கம், அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் அருகே நின்றபோதும் மனம் இதையேதான் சுற்றியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை ஆட்சியர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கொடுத்தவர் முகம் தெரியாது, வாங்கினவர் கை நீட்டவும் இல்லை. அடக்குமுறைக்கு அஞ்சிச் செய்த தந்திரம் என்று பள்ளியில் படித்திருந்தேன். இப்போது அதில் வேறு ஒன்றும் தெரிந்தது. சாப்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் போகிற நாகரிகம் நம் சனங்களுக்கு உத்தரவு போட்டா வரவேண்டும்?

கோடியக்கரை, முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்குத் தஞ்சை மன்னர் சரபோஜி கடலோரத்தில் எழுப்பிய எட்டு அடுக்கு மனோராவைப் பார்த்து, யாருடைய வெற்றிக்கு யார் கோபுரம் கட்டியது என்று சிரித்தோம். தொண்டி தாண்டும்போது டாக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாடா" என்றான். "அப்படியா? எப்போ?" என்று நாங்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறவர்கள் மாதிரி கேட்டோம். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

தனுஷ்கோடியைப் பற்றி எழுதாதவர் கிடையாது. 1964 டிசம்பர் புயல், ரயிலோடு போன உயிர்கள், கூரை போன தேவாலயம். ஒருபக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் முரட்டு ஆண்கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதும் எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வந்தது கரைவலை.

கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, மறுமுனையை வெகுதூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். நடுவே மடி, மீன் சேருகிற பை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள். நாங்களும் கை கொடுக்கிறோம் என்றதும் சிரித்துக்கொண்டு இடம் விட்டார்கள். மூன்று பேர் இந்தப் பக்கம், டாக்டரும் இரும்புக்கடைக்காரனும் அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் எனக்கு அங்கே போய் அவர்களோடு நிற்கத் தோன்றியது. கயிற்றோடு அந்தப் பக்கமாக நகர்ந்தேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்க்காமலே அதட்டினார்: "அங்கிட்டு போவாதீய. இப்பவே ரெண்டு கயிறும் கிட்ட வந்தா வலை வாயை மூடிக்கிரும். மீனு எப்படி உள்ள வரும்?"

"எப்பதான் கிட்டப் போறது?"

"மடி வரட்டும். தானா வரும்."

பழைய இடத்துக்கே வந்து காலை மணலில் ஊன்றினேன். தொலைவில் டாக்டர் விரலளவு தெரிந்தான். கை காட்டினேன், அவன் பார்க்கவில்லை. கயிறு உள்ளங்கையில் ஒருமுறை வெட்டி இழுத்தது. அவன் இழுத்தானா, கடல் இழுத்ததா தெரியவில்லை.

வெயில் ஏறிய பிறகுதான் மடி கரையேறியது. பெரிதாக ஒன்றுமில்லை. சூடை, காரப்பொடி, இரண்டு கணவாய், நிறையப் பாசி. பெரியவர் இரண்டு கை சூடையை அள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வண்டிக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தோம். வங்கிக்காரனைக் காணோம். கதவருகே வந்து பார்த்தால், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு மீனைக் கடலிலேயே ஆய்ந்து கழுவிக்கொண்டிருந்தான்.