அகப்பை பிடித்த கையின் அறம்

சமையலைக் கலை என்று போற்றுவோர் உண்டு. வீட்டு வேலைகளுள் ஒன்று என்று ஒதுக்குவோரும் உண்டு. அறத்தின் நோக்கில் ஆராயத்தக்க செயலாக அதனைக் கருதுவோர் மிகச் சிலரே. பசித்தவனுக்குச் சோறிடுதல் பேரறம் என்பதில் தமிழரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை அறியாத தமிழ் மாணவனும் இல்லை. ஆயினும், இட்ட சோறு எத்தகையது, அதைச் சமைத்த முறை உண்டவன் உடலுக்கு என்ன செய்தது என்னும் வினாக்கள் அடுப்படியைத் தாண்டி வருவதில்லை. பசியைத் தீர்த்ததோடு சமைப்பவரின் கடமை தீர்ந்துவிடுமா? இதனையே இங்கு நாம் சிந்திக்க வேண்டும்.

உணவுக்கு நடுவர் இருவர். ஒருவர் நா, மற்றொருவர் உடல். நா உடனே தீர்ப்புக் கூறிவிடும். உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கும். காரம் மிகுந்தால் தண்ணீர் கேட்கும். உடலோ பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் கழித்தே தன் தீர்ப்பை வழங்கும். அப்பொழுது எந்த வேளை உணவு, எந்த வழக்கம் அதற்குக் காரணம் என்று சுட்டிக் காட்ட ஒருவராலும் இயலாது. ஆகவே, சமைப்பவர் நாவின் பாராட்டைத் தேடுவது இயல்பு. உடலின் நலத்தைத் தேடுவதற்கோ பாராட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. சாட்சியில்லாத இடத்தில் ஒருவர் காட்டும் கவனமே அறத்தின் உண்மையான அளவுகோல் அன்றோ?

அன்றாடச் செயல்கள் சிலவற்றை நோக்குவோம். அரிசியை நாலைந்து முறை தேய்த்துக் கழுவுகிறோம். நீரில் கரையும் உயிர்ச்சத்துகளுள் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் மேலும் ஒரு பகுதி போகிறது. வடிகஞ்சியில் உப்பிட்டுக் குடித்த நம் முன்னோர் அதனை வீணாக்கவில்லை. கீரையை அரிந்த பின்னர்க் கழுவினாலும், நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் அதிலுள்ள சி உயிர்ச்சத்துப் பெரிதும் குறைந்துவிடும். பருப்பு விரைந்து வேக வேண்டுமென்று சேர்க்கும் ஆப்பச் சோடா பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கிறது. இவற்றுள் எதையும் நா கண்டுபிடிப்பதில்லை.

இவை அற்பச் செய்திகள் என்று எவரேனும் எண்ணினால், அவர் இந்நாட்டின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழரையோ அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது புழுங்கல் முறை. அவ்வாறு அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்கு ஊடுருவிச் செல்கிறது. பின்பு தவிடு நீங்கினாலும் சத்தில் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. நெல்லை அவித்த நம் பாட்டியர் இதனை அறிந்து அவித்தவர் அல்லர். உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது என்பதே அவர்கள் அறிந்த பயன். ஆயினும் அந்த வழக்கம் கடல் கடந்து வந்து ஒரு தொழிலாளர் கூட்டத்தின் உயிரைக் காத்தது.

இவ்வுண்மை எவ்வாறு தெளிவாயிற்று என்பதும் நாம் அறிய வேண்டியதே. 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். விடுதியிலிருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றை எண்ணினரை ஒரு புறமும் இரட்டை எண்ணினரை மறு புறமும் பிரித்தார். ஒரு சாராருக்கு வெள்ளை அரிசிச் சோறு. மறு சாராருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. வெள்ளை அரிசி உண்டோரிடையே நோய் பரவியது, சாவும் நேர்ந்தது. புழுங்கல் அரிசி உண்டோர் ஏறக்குறைய முழுமையாகத் தப்பினர். பின்னர் பிரேசர், ஸ்டேன்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாலை அமைக்கச் சென்ற சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து அதே முடிவை உறுதிப்படுத்தினர். 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தது.

இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, அன்று தட்டில் விழுந்ததை உண்டவர்கள் தேர்ந்தெடுக்கும் உரிமையற்றவர்கள். விடுதியில் அடைபட்டவனிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அந்த ஆய்வு பின்னாளில் பல்லாயிரவரைக் காத்தது என்பது உண்மை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேண்டாம் என்று சொல்ல வாயற்றவர்கள் என்பதும் உண்மை. ஓர் உண்மையைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் தகாது. உண்பவனின் உரிமை எவ்வளவு குறைகிறதோ, பரிமாறுபவரின் பொறுப்பு அவ்வளவு கூடுகிறது. குழந்தை, நோயாளி, முதியோர், பள்ளியில் இலவச உணவு பெறும் ஏழை மாணவன் ஆகிய யாவரும் அகப்பை பிடித்த கையை நம்பியே அமர்ந்திருக்கின்றனர்.

இரண்டாவது, அறியாமல் விளைந்த தீமைக்கும் அறிந்த பின் விளையும் தீமைக்கும் வேறுபாடு உண்டு. காரணம் தெரியாத காலத்தில் வெள்ளை அரிசியைப் பொங்கிப் போட்டவனைக் குற்றவாளி எனல் ஆகாது. உண்மை வெளிப்பட்ட மறுநாள் முதல் அதே சோறு வேறொரு பொருள் பெறுகிறது. அறிவு சுமையாகவும் வருகிறது.

மூன்றாவது, வழக்கம் தன் காரணத்தைத் தான் அறியாது. அதனால், எப்பொழுது மாற வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. விடியுமுன் எழுந்து, பால்மரக் காட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி உழைத்தவனுக்குத் தட்டு நிறையச் சோறு தேவையாக இருந்தது. அவன் பேரன் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறான். சோற்றின் அளவு குறையவில்லை. அதனோடு கெட்டிப்பால் கலந்த தேநீரும் நாளுக்கு மூன்று முறை சேர்ந்துவிட்டது. 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததாகக் கண்டது. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. பரம்பரை, உடலுழைப்பின்மை எனக் காரணங்கள் பல உண்டு. பழியனைத்தையும் சமையலறையின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் அன்று அரிசியால் தப்பிய இனம் இன்று இந்நிலையில் இருப்பதை எண்ணாமல் இருக்க முடியுமா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அன்போடு இடுவதில் குறை காணலாமா என்பர். விருந்தினர் தேநீரில் சர்க்கரையைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்று கருதும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அன்பு நோக்கத்தைத் தூய்மையாக்கும், விளைவை மாற்றாது. அன்பு மெய்யானதாயின் அது அறிவைத் தேடிச் செல்லும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படிக்கும் மாணவன் அதில் மூலிகைப் பெயர்களைக் காண்பதில்லை. உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பற்றியே பெரிதும் காண்கிறான். வள்ளுவர் உணவை அறநூலுள் வைத்தார். நாம் அதனை வெளியே எடுத்துவிட்டோம்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. காலை முதல் மாலை வரை தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டும் தாயிடம் உயிர்ச்சத்துக் கணக்கைக் கேட்பது கொடுமையன்றோ? ஆம், கொடுமையே. உண்பவர் ஐவர், பொறுப்பவர் ஒருவர் என்னும் ஏற்பாடே அறத்துக்கு மாறானது. ஆதலால் சமையலின் அறத்தைப் பெண்ணின் கடமையாக மட்டும் போதிப்பவர் பாதி உண்மையைத்தான் போதிக்கின்றனர். அகப்பை யார் கையிலும் இருக்கலாம். கணவனும் மகனும் அதனைப் பிடிக்கப் பழக வேண்டும். சிற்றுண்டிச் சாலை நடத்துபவரும், அவருக்கு இசைவு வழங்கும் பள்ளியும் இப்பொறுப்பிலிருந்து விலக்குப் பெற்றவர் அல்லர்.

சுவையும் நலமும் பகையென்று எண்ணுவதும் பிழை. முருங்கைக் கீரையைச் சிறிது எண்ணெயில் தாளித்தால் மணம் கூடும். அக்கீரையிலுள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்கும் அந்த எண்ணெய் துணை செய்யும். உணவின்மேல் பிழியும் எலுமிச்சைச் சாறு நாவுக்கு இனிது. கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அது உதவுகிறது. உணவோடு பருகும் தேநீர் அதே இரும்புச்சத்தைத் தடுப்பதால், அதனைச் சற்று நேரம் கழித்துப் பருகலாம். இதற்குச் செல்வம் வேண்டுவதில்லை.

கணிதத்தையும் இலக்கணத்தையும் கற்பிக்கும் நாம், அரிசி களையும் முறையையும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி மாணவர்க்குக் கற்பிப்போமாக. நாளை அவர்களை நம்பித் தட்டின்முன் அமரப்போகும் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்காகப் பேச இன்று நம்மையன்றி வேறு யாருளர்?