நாளை பார்த்துக் கொள்ளலாம்!

பரீட்சைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறதென்று புத்தகத்தை மூடி வைக்கும் கல்லூரிப் பிள்ளை, கடைசி இரண்டு இரவுகளில் கண் விழித்துத் தவிப்பதை நம் இல்லங்களில் காண்கிறோம். உடனே ‘சோம்பேறி’ என்று பட்டம் கட்டி விடுகிறோம். பட்டம் சரிதானா?

பெருமானார் (ஸல்) அவர்கள் வழமையாகக் கேட்டு வந்த துஆ ஒன்று புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அதில் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடப்படும் தீங்குகளின் வரிசையைக் கவனியுங்கள். கவலையும் துக்கமும் முதலில். இயலாமையும் சோம்பலும் அவற்றின் பின்னர். சோம்பலுக்கு முன்னால் கவலை நிற்கிறது!

சாலமன், ராத்ப்ளம் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இருவர், அமெரிக்கக் கல்லூரி மாணவரைப் பற்றி 1984-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே செல்கிறது. பாடத்தைத் தள்ளிப் போடுவோரில் ஒரு சாராருக்குத் தோல்வி பற்றிய அச்சமே காரணம். வேறு சிலருக்கு அந்த வேலையே கசந்தது. புத்தகத்தைத் திறந்தால் பயம் வருகிறது, மூடினால் நிம்மதி. அந்த அரை நாழிகை நிம்மதிக்காகவே பிள்ளை தன் நாளையை விற்று விடுகிறது.

சோம்பேறியென்று எவரும் சொல்லத் துணியாத இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பாருங்கள். பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர். பதவியைத் துறந்து செல்லுமாறு உள்ளம் உந்தியும், ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் மாதந் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம் இன்று, நாளை என்று தயங்கியதை ‘அல்முன்கித்’ நூலில் தாமே எழுதியிருக்கிறார்கள். காலையில் பிறந்த உறுதி மாலைக்குள் கலைந்து விடுமாம். முடிவில் நாவெழாமல், பாடம் நடத்தவும் இயலாமற் போயிற்று. வேறு போக்கற்றவராக அல்லாஹ்விடம் ஒதுங்கிய பின்னரே வழி இலேசாயிற்று.

தவ்பாவின் இடம் இங்கேதான். கனடாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் முதலாண்டு மாணவர் 119 பேரை இரு பரீட்சைகளின் போது விசாரித்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். முதற் பரீட்சைக்குப் படிக்காமல் காலங் கடத்தியதற்காகத் தம்மை மன்னித்துக் கொண்டவர்கள், இரண்டாவதற்கு அவ்வளவு காலங் கடத்தவில்லை. மனக்கசப்பு குறைந்ததே காரணமென்றனர். நம் மார்க்கத்தில் மன்னிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அடியான் வருந்த வேண்டும், விட்டுவிட வேண்டும், மீளாதிருக்க உறுதி கொள்ள வேண்டும். (தவ்பாவைக் கேள்விப்படாமலே அதன் வாசல் வரை வந்து விட்டார்கள் போலும்!) ஆனால் வருத்தத்திலேயே உட்கார்ந்து விட அனுமதியில்லை. தவறிய தொழுகையை நினைவு வந்ததும் தொழு என்பதல்லவா கட்டளை? அழுது முடித்துவிட்டுத் தொழு என்று சொல்லப்படவில்லையே!

ஆகவே பெற்றோர்களே, வீணாய்ப் போன நாட்களைச் சொல்லிக் காட்டாதீர்கள். மகனோ மகளோ, சுப்ஹு தொழுத கையோடு, எந்தப் பாடத்துக்கு அதிகம் அஞ்சுகிறார்களோ அதிலேயே ஒரு பக்கம் படிக்கட்டும். ஒரு பக்கம் போதும். தேநீரோடு பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை மதிப்பெண் வருமென்று மட்டும் அப்போது கேட்காதீர்கள்.